நாலாம் நம்பர் சுருட்டு

நான் சுருட்டு பிடிக்கிறவள் இல்லை. சுருட்டுத் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவள். இருபத்து மூன்று வருடமாக வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு மூன்று சுருட்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு முன்பெல்லாம் விளக்கம் சொல்வேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்க மாட்டோம், வாயில் நிறுத்திக் கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுவோம், மிச்சத்தை ஊதிவிட்டு மார்க் போடுவோம் என்று. இப்போது சிரிப்பதோடு சரி.

ருசி அறை மூன்றாவது மாடியில் வடக்குப் பக்கம் இருக்கிறது. வெயில் நேராக விழாது. மூன்று மேசை, நடுவில் பலகைத் தடுப்பு. பக்கத்து ஆளின் முகம் தெரிந்தால் மார்க் மாறிவிடும் என்பதால் தடுப்பு. மேசை மேல் முனை வெட்டுகிற கத்தி, நீளத் தீக்குச்சி, சாம்பல் தட்டு, தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, மார்க் தாள். வாசனை சோப்பு போட்டுக் குளித்துவிட்டு யாரும் உள்ளே வரக் கூடாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு செண்ட் பாட்டில் வாங்கி வந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற வேலை அவருக்கு. எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு வந்தவர். எல்லோரும் வாத்தியார் என்போம். நூற்றுக்கு எண்பதைத் தாண்டி மார்க் போட்டதே இல்லை. இன்னொருவர் முன்பு பேக்கரி வைத்திருந்தவர். அடுப்பில் ரொட்டி தீய்வதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொள்வார். ஆறு வருடம் முன்னால் பரீட்சை எழுதி எங்களோடு சேர்ந்தார். அந்தப் பரீட்சையைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

போன வருடம் மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு ஒரு புதுச் சுருட்டு வேண்டும் என்றார். காரம் இல்லாதது, தினமும் ஒன்று பிடிக்கக்கூடியது, விலை குறைந்தது. ஆனால் கையில் எடுத்தால் உயர்ந்த சரக்கு மாதிரி இருக்க வேண்டும்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ஆளு. முக்கால் மணி நேரம் உக்காந்து பிடிக்கணும். வாங்கும்போது யோசிக்கக் கூடாது. பத்த வைக்கும்போது யோசிக்கக் கூடாது. அணைக்கும்போது மட்டும்தான் யோசிக்கணும், பெட்டியில இன்னொண்ணு இருக்கான்னு."

வாத்தியார் கேட்டார். "விலை குறைச்சல், சரக்கு உசத்தி. இதுல எது பொய்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்" என்றார் மேனேஜர்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சுருட்டுக்குள் மூன்று விதமான இலை போகும். செடியின் உச்சி இலையில் காரம், நடு இலையில் மணம், அடி இலை நன்றாக எரிவதற்கு. இவற்றைச் சேர்த்து ஒரு கட்டு இலையில் சுருட்டி, வெளியே அழகான மேலிலையைச் சுற்றுவார்கள். எந்த இலை எவ்வளவு என்பதுதான் சேர்மானம். காரம் வேண்டாம் என்றால் உச்சி இலையைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாகக் குறைத்தால் சுருட்டு செத்துவிடும். மென்மை வேறு, ஒன்றுமில்லாமல் இருப்பது வேறு. இதை மேனேஜர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

ஐந்து சேர்மானம் எழுதப்பட்டு, ஐந்து பேர் கையால் ஆளுக்கு இருபது சுருட்டு சுற்றி, ஆறு வாரம் பெட்டியில் ஓய்வுக்கு வைத்தார்கள். யார் எதைச் சுற்றினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. நம்பர் மட்டும்தான் வரும்.

ஒன்றாம் நம்பர் வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது ஆரம்பத்தில் இனிப்பாக வந்து பாதியில் காகிதமாகிவிட்டது. மூன்றாவது கோணலாக எரிந்தது. ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அடம்பிடிக்கிற குழந்தை மாதிரி.

நாலாம் நம்பரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்தேன். மேலிலை வெளிர் பழுப்பு, நரம்பு தெரியாமல் சுற்றியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். நுனியிலிருந்து அடி வரை ஒரே பதம், கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. முனையை வெட்டிப் பற்றவைக்காமல் ஒரு இழுப்பு இழுத்தேன். உலர்ந்த புல் வாசனை, லேசான தித்திப்பு. தீக்குச்சியைத் தொடாமல் காட்டிச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்தேன். முதல் பகுதியில் வறுத்த பருப்பு மாதிரி ஒரு ருசி வந்தது, பின்னால் பால் காய்ச்சிய பாத்திரத்தின் ஓரம் மாதிரி. நடுப்பகுதியில் புது மரப்பலகை. மூக்கு வழியாக விட்டபோது குத்தவில்லை, ஆனால் ஏதோ போகிறது என்று தெரிந்தது. சாம்பல் இரண்டு விரல் அகலத்துக்கு விழாமல் நின்றது. விலை குறைந்த சுருட்டுக்குக் கடைசிப் பகுதியில்தான் சாயம் வெளுக்கும், கசக்கத் தொடங்கும். இது கசக்கவில்லை. விரல் சுடுகிற வரைக்கும் பிடித்துவிட்டு வைத்தேன். எண்பத்தி நாலு போட்டேன்.

தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது பேக்கரிக்காரர் எண்பத்தி ஆறு போட்டிருந்தார். வாத்தியார் எண்பது. வாத்தியாரிடம் எண்பது வாங்குவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஐந்தாவதை ருசி பார்த்ததே ஒரு சடங்குக்குத்தான்.

மேனேஜர் குஷியாகிவிட்டார். நாலாம் நம்பர் சேர்மானத்தை வேறொரு ஆளிடம் கொடுத்து நாற்பது சுருட்டு சுற்றச் சொன்னார். புதிதாக எது வந்தாலும் இரண்டாவது கையால் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பது வழக்கம். ஆறு வாரம் கழித்து அவை ருசி அறைக்கு வந்தன.

இரண்டாவது இழுப்பிலேயே நான் கையை எடுத்துவிட்டேன். புகை வர மறுத்தது, வந்த புகை மூக்கில் சுருக்கென்று ஏறியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வாத்தியார் இருமுகிற சத்தம் கேட்டது. பேசக் கூடாது என்ற விதியை மீறிப் பேக்கரிக்காரர் சொன்னார்.

"இது அது இல்ல."

சேர்மானத் தாள் அதேதான். இலை அதே மூட்டைதான். மேனேஜர் எங்கள் மேல் சந்தேகப்பட்டு, மிச்சமிருந்த பழைய நாலாம் நம்பரில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது அப்படியே இருந்தது, குறை சொல்ல முடியாமல். அப்படியானால் அதைச் சுற்றிய ஆள் தாளில் எழுதியபடி சுற்றவில்லை. மேனேஜர் பேரேட்டைப் பிரித்து, சுற்றிய ஆளின் மேசை எண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேசை பதினொண்ணு. உங்க சொந்தம்தான். நீங்களே போய்க் கேட்டுடுங்களேன்."

"பேச்சுவார்த்தை இல்ல சார். ஆறு வருஷமாச்சு."

"ஆறு வருஷமா? ரெண்டு பேரும் ஒரே கேட் வழியாத்தானே வர்றீங்க?"

"கேட் பெருசு சார்."

பதினொன்றாம் மேசையில் இருப்பவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. வயது நாற்பத்தாறு, கட்டிக்கொடுத்த ஒரு மகள், ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். தொழிற்சாலையிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இந்த வேலைக்கு அவளைக் கூட்டி வந்தவளே நான்தான். கைவேலையில் அவளுக்கு ஈடு கிடையாது. ஆனால் அவளுக்கு மூன்றாவது மாடி மேல் ஒரு கண். ருசி அறையில் ஒரு இடம் காலியானபோது விண்ணப்பம் போட்டாள். மூன்று பேர் பரீட்சை எழுதினார்கள். நடத்தியவள் நான்.

பரீட்சை எளிமையானது. பட்டையைக் கழற்றிய மூன்று சுருட்டுகளை வைப்போம். இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு. வேறு எது என்று எழுத வேண்டும். இப்படிப் பத்து சுற்று. ஏழு சரியாக இருந்தால் பாஸ். பேக்கரிக்காரர் ஏழு வாங்கினார். பாப்பா ஆறு. ஏழாவது சுற்றில் அவள் எதையும் குறிக்காமல், 'மூன்றும் ஒன்றுதான்' என்று எழுதியிருந்தாள். என்னிடம் கொடுத்திருந்த சரியான விடைகளின் பட்டியலில் நடுவில் இருந்தது வேறு என்று இருந்தது. நான் தப்பு போட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், என்னோடு நின்று பாத்திரம் துலக்கினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முடிவு நோட்டீஸ் போர்டில்தான் வர வேண்டும், முன்னால் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. மறுநாள் காலை நூறு பேர் நடுவில் நின்று போர்டில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

"நீ போட்ட மார்க்கு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது" என்று என் வீட்டுக்காரர் அப்போது ஒரே ஒரு தடவை சொன்னார். "ஆனா கூட நின்னு பாத்திரம் கழுவியிருக்க." அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மட்டும் தங்கை வீட்டுக்குப் போய் வருவார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

மேனேஜர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். சுற்றும் கூடத்தில் ஐம்பது மேசை. பாப்பா அரைவட்டக் கத்தியால் மேலிலையை வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"நாலாம் நம்பர் சுருட்டு நீதானே சுத்தின? தாள்ல இருந்த மாதிரி சுத்தினியா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்."

அவள் யோசிக்காமல் சொன்னதில் மேனேஜருக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது. நான் கேட்டேன்.

"என்ன மாத்தின?"

பாப்பா மேனேஜரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அவங்ககிட்ட சொல்லுங்க சார். அந்த மூட்டையில உச்சி இலை பதமாகல. இன்னும் ரெண்டு மாசம் கிடந்திருக்கணும். விரல்ல ஒட்டுச்சு. அதை உள்ள வெச்சா இழுக்க வராது, மூக்கெரியும். பாதிய எடுத்துட்டு நடு இலையப் போட்டேன்."

"யாரைக் கேட்டு மாத்தின?"

"விரலைக் கேட்டு."

பக்கத்து மேசைகளில் வேலை நின்றுவிட்டது. மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லலாம்ல? எழுதியிருக்கிறதை மாத்த உனக்கு அதிகாரம் கிடையாது. இது வேலையைப் பாதிக்கிற விஷயம், தெரியும்ல?"

"சொன்னேன் சார். தாள்ல இருக்கிறத செய்யுன்னாரு." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா யாரு கேக்கறாங்க. அன்னிக்குப் பரீட்சையிலயும்தான் சொன்னேன், மூணும் ஒண்ணுதான்னு. தப்புன்னு போட்டாங்க. வாங்கிக்கிட்டேன்."

மேனேஜருக்கு இது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. படியேறி வரும்போது அவர் விளக்கக் கடிதம், தண்டனை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். என் காதில் ஏறவில்லை. பதமாகாத இலையை நாங்கள் மூன்று பேரும் ஆறு வாரம் கழித்துப் பற்றவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அவளுக்குத் தொட்டதும் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்டவள் மூன்றும் ஒன்றுதான் என்று எழுதினால், அதை ஏன் நான் ஒரு தடவை திரும்பப் பார்க்கவில்லை?

மத்தியானம், மாதிரிச் சுருட்டுகளை வைத்திருக்கும் மாதிரி அறைக்குப் போனேன். பரீட்சைக்கு எடுக்கிற ஒவ்வொரு சுருட்டும் எந்தப் பெட்டியிலிருந்து போனது என்று அங்கே ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். மாதிரி அறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தின நோட்டா? அதெல்லாம் எலி தின்னிருக்கும்மா."

எலி தின்றிருக்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில் கயிறு கட்டிக் கிடந்தது. பரீட்சை நாளைத் தேடிப் பிடித்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி, ஆளுக்கு எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை என்று. முதல் சுற்று: ஒரு பெட்டியிலிருந்து இரண்டு, இன்னொரு பெட்டியிலிருந்து ஒன்று. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது சுற்று: பெட்டி முப்பத்தொன்று, மூன்று.

நான் விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார்.

"ரெண்டு முப்பத்தொண்ணு, ஒண்ணு முப்பத்திநாலுன்னு இருக்கணும்."

"ஆமா. அவசரத்துல எடுத்திருப்பேன்." நோட்டை மூடக் கையை நீட்டினார். "விடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே."

பக்கத்தின் கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து ஒன்று இருந்தது. அது என்னுடையது. வரிகளைப் படிக்காமல் போட்டிருக்கிறேன். அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லவில்லை.

அன்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ பாஸா?" என்றார்.

"ஏழு. பாஸ்."

"அந்த பேக்கரிக்காரர்?"

அதுதான் சிக்கல். பேக்கரிக்காரர் ஏழாவது சுற்றில் நடுவில் இருந்ததைக் குறித்திருந்தார். இல்லாத வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லி மார்க் வாங்கியிருக்கிறார். அந்தச் சுற்றை எடுத்துவிட்டால் அவருக்கு ஆறு. ஆறு வருடமாக என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர், ஒரு நாள்கூடத் தப்பான மார்க் போட்டவர் இல்லை.

"என்ன பண்றதுன்னு தெரியல" என்றேன்.

"தெரியாத மாதிரி எனக்குத் தோணல" என்றார் அவர். "யாருகிட்ட முதல்ல சொல்றதுன்னுதான் நீ யோசிக்கிற."

மறுநாள் பேக்கரிக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். இரண்டாம் மாடிப் படிக்கட்டில், ஜன்னலோரம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நாலு தடவ இழுத்துப் பாத்தேன், ஒரே மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு வேறன்னு தாள்ல அச்சடிச்சுப் போட்டிருக்கே. அப்ப என் நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சு, நடுவுல இருந்ததுக்கு ஒரு டிக் போட்டேன்." பிறகு கேட்டார். "அவங்க மூணும் ஒண்ணுன்னு எழுதியேவிட்டாங்களா?"

"எழுதியேவிட்டா."

"தைரியம்தான்" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். "எனக்குத் திரும்பப் பரீட்சை வைக்கச் சொல்லுங்க. இல்லன்னா எனக்கே என் மார்க்கு மேல நம்பிக்கை வராது."

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மேனேஜரிடம் போனோம். அவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். நான் என் கையெழுத்தைக் காட்டினேன். தண்டனை என்று ஒன்று இருந்தால் அது பதினொன்றாம் மேசைக்கு மட்டும் போகக் கூடாது, மூன்றாவது மாடிக்கும் வர வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒரு வாரம் இழுத்தார். பிறகு இறங்கி வந்தார். பேக்கரிக்காரருக்கு மறுபரீட்சை. பாப்பா மேல் நடவடிக்கை இல்லை. அவள் விரும்பினால் ருசி அறையில் நான்காவது மேசை போடலாம்.

இதைச் சொல்ல அவளை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும் இருந்தேன். அவள் உட்காரவில்லை. மேனேஜர் சொல்லி முடிக்கும் வரை கையில் ஒட்டியிருந்த இலைத் தூளை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"மேசை வேண்டாம் சார்."

"ஏன்? அதுக்குத்தானே பரீட்சை எழுதின?"

"அப்ப ஆசை இருந்துச்சு. இப்ப இல்ல. நாள் பூரா பலகைக்குப் பின்னாடி வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. கீழ எனக்குப் பேச்சுத்துணை இருக்கு." அப்புறம் சொன்னாள். "ஆனா ஒண்ணு வேணும். அன்னிக்கு என் மார்க்க போர்டுல போட்டீங்க, எல்லாரும் பாத்தாங்க. அதே போர்டுல திருத்திப் போடுங்க. ஆறு இல்ல, ஏழுன்னு."

மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். "கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

தலைமை அலுவலகம் பதில் சொல்லப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டது. வந்ததும் நோட்டீஸை நானே எழுதினேன். நான்கு வரி. இன்ன தேதி நடந்த பரீட்சையில் ஏழாவது சுற்றின் மாதிரிகள் தவறாக வைக்கப்பட்டன. மேசை பதினொன்று எழுதிய விடையே சரி. அவர் பெற்ற மதிப்பெண் ஏழு. சரிபார்க்கத் தவறியவர் என்று கீழே என் கையெழுத்து. கடைசி வரி வேண்டாம் என்றார் மேனேஜர். இருக்கட்டும் என்றேன்.

காலையில் போர்டில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். யாரோ சத்தமாகப் படித்தார்கள். ஒருவர் பாப்பாவைக் கூப்பிட்டார். அவள் பையைத் தோளில் மாட்டியபடி வந்து நின்று, மெதுவாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

"அண்ணி" என்றாள்.

ஆறு வருடத்தில் முதல் தடவை. என்ன வரப்போகிறது என்று தெரியாமல் நின்றேன்.

"தேதி தப்பு. பதினாலுன்னு போட்டிருக்கீங்க. பரீட்சை பதினஞ்சு."

பேனாவை எடுத்து நாலை அஞ்சாகத் திருத்தினேன். அவள் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பேக்கரிக்காரர் மறுபரீட்சையில் ஒன்பது வாங்கினார். இந்தத் தடவை மாதிரிகளை வாத்தியார் எண்ணி வைத்தார், நான் எண்ணிப் பார்த்தேன், மாதிரி அறைக்காரர் மூன்றாவதாக எண்ணினார். ஒன்பது என்றதும் பேக்கரிக்காரர் கீழே போய் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கி வந்தார். அதை ருசி அறைக்கு வெளியே நின்று சாப்பிட்டோம். உள்ளே இனிப்பு கூடாது.

புதுச் சுருட்டுக் கதையும் முடிந்தது. நன்றாகப் பதமான உச்சி இலையைப் போட்டுப் பழைய தாளின்படி ஒன்று, பாப்பா மாற்றியபடி ஒன்று, இரண்டையும் சுற்றி வைத்துப் பார்த்தார்கள். தாளின்படி செய்தது மோசமில்லை. எழுபத்தெட்டு போட்டேன். பாப்பாவினுடையதை எடுத்தபோது அது யாருடையது என்று எனக்குத் தெரியாது, ஆனால் மூன்றாவது இழுப்பில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு போடுகிற மார்க் மார்க் இல்லை. என் தாளைக் கிழித்துவிட்டு, மற்ற இரண்டு பேரின் மார்க்கை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாத்தியார் எண்பத்தொன்று போட்டிருந்தார். கை நடுங்கவில்லையா என்று பேக்கரிக்காரர் கேட்டதற்கு, வயதாகிவிட்டது, எல்லாம் தளர்ந்து போகிறது என்றார்.

அந்தச் சுருட்டு இப்போது கடைகளில் இருக்கிறது. வெள்ளைப் பட்டை, சாதாரண அட்டைப் பெட்டி. நன்றாகப் போகிறது என்கிறார்கள். பெட்டியில் அவள் பெயர் இல்லை, யார் பெயரும் இருக்காது. இலை மூட்டை வந்து இறங்கும்போது மட்டும் சூப்பர்வைசர் பதினொன்றாம் மேசைக்கு ஆள் அனுப்புகிறார். அவள் வந்து கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

என்னோடு அவள் பேசுகிறாள் என்றால், பேசுகிறாள். கேட்டில் பார்த்தால் தலையசைப்பாள். வீட்டுக்கு ஒரு தடவை வந்தாள், சாப்பிடாமல் போய்விட்டாள். வேலை இருக்கிறது என்றாள். இருந்திருக்கலாம். நான் ஒரு நாள் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். "அதான் போர்டுலயே போட்டாச்சே அண்ணி" என்று முடித்துவிட்டாள். பாத்திரம் கழுவிய சாயங்காலத்தைப் பற்றி நான் எடுக்கவில்லை. அதற்கு எந்த போர்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அவள் மகள் புது வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்துப் பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அலமாரி கனமா இருக்காம். உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றா."

போனேன். தேக்கு அலமாரி, மூன்று கதவு. இரண்டாம் மாடிக்குக் குறுகலான படி. அவரும் மருமகனும் கீழ்ப்பக்கம் பிடிக்க, பாப்பாவும் நானும் மேல்பக்கம் பிடித்துப் பின்பக்கமாகவே படியேறினோம். திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. "அண்ணி, உங்க பக்கம் கொஞ்சம் சாய்ங்க, இன்னும், இன்னும், போதும்" என்று அவள் சொல்ல நான் சாய்த்தேன். வாசலில் நுழையவில்லை. கடைசியில் வீட்டுக் கதவைக் கீலோடு கழற்ற வேண்டியதாயிற்று. திருப்புளி தேடிக்கொண்டு மருமகன் கீழே போக, என் வீட்டுக்காரர் கீலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவும் நானும் படியில் உட்கார்ந்து, மருமகன் வரும் வரை அலமாரியை முதுகால் தாங்கிக்கொண்டிருந்தோம்.